எதிர்சாரியில் டீ தளும்பவில்லை

1

இந்திராணி பாவு நூலை அறுத்துக்கொண்டிருந்தாள். தறியில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகள் கத்திரிக்கோலுக்குக் கீழே மழைபோல் விழுந்தன. தறிக்குழிக்குள் தொங்கிய கால்களைத் தரை தொட்டில்போல் ஆட்டியது. எதிரே உயரத்தில் இருந்த, சேலைக்குப் பூப்போடும் கனத்த ஜக்கார்டு பெட்டி சாய்ந்தது, யோசித்தது, நிமிர்ந்துகொண்டது.

(கதை எனக்குக் கிடைத்த இடம் இதுதான். காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டெடுக்கப் போனபோது, "அந்தச் சேலை வராது சார், பாதியில பாவ அறுத்துட்டாங்க" என்றார் கடைக்காரர். ஏன் என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். மிச்சமெல்லாம் என் கற்பனை.)

2

நெய்து முடியாத சேலையில் பாவு அறுப்பது இந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம். அதுவும் முகூர்த்தப் பட்டு. கூட்டம் கூடிவிட்டது.

"நிலம் ஆடுச்சு அத்தை" என்றாள் இந்திராணி.

"ஊர்ல இத்தினி வூடு இருக்குது. நிலத்துக்கு நம்ம வூட்ட மட்டும்தான் புடிச்சுதா?" என்றாள் மாமியார் காந்தா.

எதிர்வீட்டு வேலாயுதம் டம்ளரும் கையுமாக வந்தார். "நான் டீ ஆத்திக்கினு இருந்தேன்மா. ஒரு சொட்டு தளும்பல."

"கேட்டியா? இவளுக்குப் புத்தி சரியில்ல. இனிமே தறியில உக்கார வெக்காத" என்று மகனிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள் காந்தா.

தறியில் உட்காராத இந்திராணி என்பவள்... (இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்க."

வீரபத்திரன் வாசற்படியைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றான்.

3

வாசகரே, நிலம் ஆடியது நிஜம். இந்த வீட்டுக்கு அடியில் முன்பு ஒரு குளம். தூர்த்து மனையாக்கினார்கள். எதிர்சாரி கெட்டித் தரை. எங்கோ தொலைவில் பூமி தூக்கத்தில் புரண்டு படுத்தது. அந்த அதிர்வு கெட்டித் தரையில் விறுவிறுவென ஓடிவிட்டது. இளகிய குளத்து மண்ணுக்கு வந்ததும் வேகம் குறைந்து, அலை உயர்ந்தது. தூர்ந்த குளம் ஒரு கணம் தன்னைத் தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே வெறும் தெரு அகலம்.

வீரபத்திரனுக்கு இந்த மண்ணைத் தெரியாதா? தறிக்குழி வெட்டியவனே அவன்தான். கறுப்புச் சேறு வந்தது அவன் மண்வெட்டியில்தான்.

4

இவன் எனக்குப் பிடிபடவேயில்லை. எழுதிப் பார்த்தேன்.

காதில் பாட்டு மாட்டியிருந்ததால் அவன்... (இல்லை.)

அசந்து தூங்கிவிட்டதால்... (பட்டப்பகலில், தறிச் சத்தத்திலா?)

முடிவும் இரண்டு எழுதினேன். ஒன்றில் அவன் ஒப்புக்கொள்கிறான். மற்றதில் இந்திராணி தெருவே கேட்கச் சொல்லிவிடுகிறாள். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவள் வாயைத் திறப்பாளா என்பது உங்கள் பொறுப்பு. நான் மறைத்து வைத்திருந்ததை மட்டும் கொடுத்துவிடுகிறேன்.

நிலம் ஆடுவதற்கு முன், பாவுக்கு அந்தப் பக்கம், ஜக்கார்டு பெட்டிக்கு நேர்கீழே, வீரபத்திரன் நெசவில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தான். பெட்டி சாய்ந்தபோது அவனை வெளியே இழுக்கத்தான் அவள் கத்திரியை எடுத்தாள். அறுத்த இழைகளுக்குள் புகுந்து, கையை நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

அங்கே யாரும் இல்லை. முதல் ஆட்டத்திலேயே அவன் பின்வாசல் வழியாக ஓடிவிட்டிருந்தான்.