பெங்காலியில் வந்த குரல்

முப்பத்தாறு வயது வரை என் கணவர் சிவராமுக்குப் பத்து வயதுப் பெண்குழந்தையின் குரல்தான் இருந்தது. பெண் பார்க்க மாயவரத்துக்கு வந்த அன்று அவர் வாயே திறக்கவில்லை. சங்கோஜி என்று நினைத்துக்கொண்டோம். கல்யாணத்துக்கு மறுநாள்தான் என்னிடம் பேசினார். "உனக்கு ஏமாத்தமா இருந்தா சொல்லிடு பத்மா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார், மெலிந்து கீச்சிடும் அந்தக் குரலில். எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் தன் வாயால் தானே கேட்டாரே என்று ஒரு மரியாதையும் வந்தது. "பழகிடும்" என்றேன். எனக்குப் பழகியும் போயிற்று.

ஊருக்குப் பழகவில்லை. அவருக்குக் கல்கத்தா துறைமுகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. ஹூக்ளி ஆற்றின் அடியில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அளந்துகொண்டு வருகிறவர்கள் கொடுக்கும் எண்களை வைத்து, கப்பல் எந்த வழியாகப் போகலாம் என்று திரும்பத் திரும்ப வரைய வேண்டும். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். தலைமை வரைவாளர் பதவி இரண்டு தடவை தேடி வந்தது. இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பதவியில் இருப்பவர் திங்கட்கிழமைதோறும் கப்பல் ஓட்டுகிறவர்கள் முன்னால் நின்று வரைபடத்தை விளக்க வேண்டும். "எனக்கு வரையறதுதான் பிடிக்கும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

வெளியில் பேசுவதெல்லாம் என் பொறுப்பு. டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், காஸ் ஏஜென்சி, சஹானாவின் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் நான். போன் வந்த பிறகு இன்னும் மோசம். தப்பித் தவறி அவர் எடுத்துவிட்டால் எதிர்முனையில், "மேடம், சாரைக் கூப்பிடுகிறீர்களா?" என்பார்கள். அவர் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

தொண்ணூற்றெட்டு பூஜை லீவு முடிந்த வாரம். சஹானாவுக்கு எட்டு வயது. சாயங்காலம் அவர் மேஜையருகே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, நேத்து சாயங்காலம் சுதேஷ்ணா போன் பண்ணினா. நீ ஹலோ சொன்னியா, உன்னை என்னோட தீதின்னு நெனச்சுண்டா. இன்னிக்கு ஸ்கூல்ல கேட்டா, உனக்கு அக்கா இருக்காளான்னு. நானும் ஆமான்னுட்டேன்."

"சரி."

"இனிமே நீ போன் எடுக்காதே. என்ன?"

"எடுக்கலை" என்றார். பென்சிலைத் தொடர்ந்து சீவினார். கூர் வந்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தார். குழந்தை விஷமமாகச் சொல்லவில்லை. அதனால்தான் யாராலும் அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, என்னிடம்கூடச் சொல்லாமல், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விட்டு வந்தார். டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, ராஷ்பிஹாரி பக்கம் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்ணுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே முதல் நாள் நானும் போனேன்.

சர்மிஷ்டா என்று பெயர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்கள் இருவரையும் உட்கார வைத்து, பெங்காலியில் நிதானமாகச் சொன்னாள். மீசை முளைக்கிற வயதில் எல்லாப் பையன்களுக்கும் குரல் உடைந்து கீழே இறங்கும். சிலருக்குத் தொண்டை வளர்ந்துவிடும், தசைகள் மட்டும் பழைய இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உங்களிடம் ஆண்குரல் இல்லாமல் இல்லை, நீங்கள் அதை ஒருநாளும் உபயோகித்ததில்லை, அவ்வளவுதான் என்றாள். பிறகு, "தாதா, காஷுன்" என்றாள், அண்ணா, இருமுங்கள் என்று.

இருமினார்.

"இந்த இருமல் யாருடையது?" என்று கேட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதினோரு வருஷமாக அவர் இருமலைக் கேட்டிருக்கிறேன். அது கனமான இருமல் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவள் அவருடைய குரல்வளையை இரண்டு விரலால் லேசாகக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருமிவிட்டு அதன் வாலைப் பிடித்தாற்போல 'ஆ' என்று இழுக்கச் சொன்னாள். மூன்று தடவை காற்றுதான் வந்தது. நாலாவது தடவை, பக்கத்து அறையில் யாரோ மேஜையை இழுத்த மாதிரி ஒரு சத்தம். அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சத்தம் அவரிடமிருந்துதான் வந்தது என்று புரிந்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாரத்துக்கு இரண்டு நாள் போனார். காலையில் குளியலறையில் உம்மென்று முனகுவார், ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவார். ஆனால் ஐந்து வாரம் ஆகியும் வீட்டில் பேசும்போது பழைய குரல்தான். கேட்டால், "அங்க வருது" என்பார். நம்பிக்கை விட்டுப்போய் என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் டாலிகஞ்ச் மெட்ரோவில் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் யாரோ ஒரு வெளியூர்க்காரர் வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னொருவர் பெங்காலியில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்: எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கமாக வெளியே வர வேண்டும், அங்கிருந்து எந்த பஸ். கொஞ்சம் கரகரப்பான, அவசரப்படாத குரல். நல்ல குரல் என்று நினைத்துக்கொண்டேன். வழி கேட்டவர் நகர்ந்ததும் பேசியவர் முகம் தெரிந்தது.

என் கணவர்.

நான் கூப்பிடவில்லை. அவர் படியிறங்கிப் போகும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்த அம்மாள், முன்னால் போங்கள் என்று முதுகில் தட்டினாள். அவளிடம், இப்போது பேசினாரே, அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன். "மெட்ரோல பேசினதைக் கேட்டேன். என்கிட்ட ஏன் அந்தக் குரல்ல பேச மாட்டேங்கறேள்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. பழைய குரலில்தான் பதில் சொன்னார். "தமிழ்ல வரமாட்டேங்கறது. அந்தப் பொண்ணோட பெங்காலில பேசிப் பேசிப் பழகினேனோன்னோ, பெங்காலில வாயைத் திறந்தா அது வருது. உன்னைப் பார்த்து 'பத்மா'ன்னு ஆரம்பிச்சா இது வந்துடறது. வேணும்னு இறக்கிப் பேசினா வேஷம் போடற மாதிரி இருக்கு. உன் எதிர்ல வெக்கமா இருக்கு."

நான் கொஞ்சம் யோசித்தேன். "அப்படின்னா பெங்காலிலயே பேசுங்கோ."

"ஆத்துலயா?"

"ஆத்துலதான். நானும் பேசறேன்."

அன்றைக்கே ஆரம்பித்தோம். அவருக்குத் தெரிந்தது ஆபீஸிலும் தெருவிலும் கற்றுக்கொண்ட பெங்காலி. எல்லோரையும் மரியாதையாக 'ஆப்னி' என்றுதான் கூப்பிடத் தெரியும். என் எதிரில் நின்று, அந்தக் கனத்த குரலில், "ஆப்னி சா காபேன்?" என்று கேட்டார், தாங்கள் டீ சாப்பிடுகிறீர்களா என்று. சஹானா தரையில் உருண்டு சிரித்தாள். "அப்பா, அம்மாவைப் போய் யாராவது ஆப்னி சொல்லுவாளா? துமின்னு சொல்லு." அவருக்கு அந்த 'நீ' கடைசி வரை வரவில்லை. ஆகவே மூன்று வாரம் என் வீட்டில் நான் 'தாங்கள்' ஆக இருந்தேன்.

என் பெங்காலி அதைவிட லட்சணம். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கத்தான் போதும். ஒரு நாள் ஏதோ அற்ப விஷயத்துக்குச் சண்டை வந்து, இருவருக்கும் நடுவிலேயே வார்த்தை தீர்ந்துபோய்விட்டது. திட்டுவதற்குச் சொல் கிடைக்காமல் நான் முழிக்க, அவர் சிரித்துவிட்டார். அந்தக் குரலில் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். நான் சண்டையை மறந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "ஏக்டு ரசம் தின்" என்று கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வாய் வைத்தார்.

"உப்பு போடலையா?"

தமிழ். அந்தக் குரலில். சஹானா பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் குரல் அவர் காதிலும் விழுந்துவிட்டது. "உப்பு போடலை" என்று மறுபடி சொன்னார். பிறகு அவசியமே இல்லாமல் மூன்றாம் தடவையும், "பத்மா, ரசத்துல உப்பு போடலை."

"மறந்துட்டேன்" என்றேன். எழுந்து உப்பு எடுத்துக்கொண்டு வந்தேன்.

சர்மிஷ்டாவிடம் சொன்னபோது அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லையே என்றாள். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள். படித்த பெண் எழுதிக்கொள்கிற அளவுக்கு ஒன்று எனக்குத் தோன்றியிருக்கிறது என்று எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

அடுத்த வருஷம் மூன்றாம் முறையாக வந்த பதவியை அவர் ஏற்றுக்கொண்டார். திங்கட்கிழமைகளில் அங்கே எப்படிப் பேசினார் என்று நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது எங்கள் குடியிருப்புக் கூட்டத்தை.

அந்த மழைக்காலத்தில் கீழ்த்தளத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கிழக்குப் பக்கம் புதிதாக வாய்க்கால் வெட்டுவது என்று காரியதரிசி தத்தா பாபு முடிவு செய்து, எல்லோரும் சரி என்று தலையாட்டுவதற்காகக் கூட்டம் கூட்டியிருந்தார். நாற்பது பேர் இருந்தோம். என் கணவர் எழுந்தார். கையில் அவரே வரைந்த ஒரு தாள்.

"கிழக்குப் பக்கம் தரை ஐந்து அங்குலம் உயரம்" என்றார் பெங்காலியில். "அங்கே வெட்டினால் தண்ணீர் திரும்பி நம் வீட்டுக்குள்தான் வரும். தெற்கே வெட்ட வேண்டும்."

தத்தா பாபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் பார்த்துச் சொன்னதுதானே என்றார். யாரோ தெற்கே மரம் இருக்கிறது என்றார்கள். இன்னொருவர், இவர் ஆற்றை அளப்பவர், வாய்க்காலைப் பற்றி என்ன தெரியும் என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவரும் விடவில்லை. பதில் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, வேகத்தில் ஒரு இடத்தில் குரல் சட்டென்று பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. நான் சுற்றியிருந்தவர்கள் முகத்தைப் பார்த்தேன். அவர் நிறுத்தினார். ஒரு தடவை இருமினார். விட்ட இடத்திலிருந்து, கீழ்க்குரலில், தொடர்ந்தார். ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் தெற்கா கிழக்கா என்பதுதான் முக்கியமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில், நாளைக்கு மட்டம் வைத்து அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தத்தா பாபு இறங்கி வந்தார். கலையும்போது என் அருகில் வந்து, அண்ணி என்று முறை சொல்லி, "பௌதி, உங்கள் வீட்டுக்காரர் பொல்லாத பிடிவாதக்காரர். ஒருவரையும் பேசவே விடவில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"ஆமாம்" என்றேன். "ரொம்பப் பேசுவார்."