இரண்டிலிருந்து நான்கு வரை வீட்டில் இருப்பேன்

காலை ஏழு நாற்பதுக்கு ஆல்டர் கிரீக் பாலத்தில் பள்ளிப் பேருந்தைத் திருப்பும்போது, நோரீன் தன் குரலையே ரேடியோவில் கேட்டாள். "என் பெயர் நோரீன் ஸ்டபிள்ஃபீல்ட். நிலையத்தின் நிர்வாகக் குழுவுக்கு நான் போட்டியிடுகிறேன்" என்று அது ஆரம்பித்தது. யாரோ மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி இருந்தது. ஒன்பது நாளாகக் காலையிலும் மாலையிலும் இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப்போயிருந்தது. பின்சீட்டில் பிள்ளைகள் தம்பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம் ஓடி அது முடிந்ததும் எதிர் வேட்பாளர் ஹார்லன் பெட்டி என்பவருடைய நிமிடம் வந்தது. பேருந்து அடங்கிப்போனது. நாற்பத்தொரு பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். ஹார்லனை அடக்கம் செய்து அன்றோடு பன்னிரண்டு நாள்.

நடந்த கூத்தை முறையாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்டர் கிரீக் வானொலி விளம்பரமில்லாத வானொலி. கேட்கிறவர்கள் கொடுக்கிற சந்தாவில் ஓடுவது, அவர்களே ஓட்டுப்போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பது. குழுவில் ஒன்பது பேர். நகரத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும் நிகழ்ச்சிகளை வாங்கி நாள் முழுக்க ஓடவிட்டு, உள்ளூர் நிகழ்ச்சிகளை மூட்டை கட்டிவிடலாமென்று நான்கு பேர். கூடாதென்று நான்கு பேர். ஒன்பதாவது நாற்காலி காலி. அது காலியாகவே கிடந்தால் தலைவரின் கூடுதல் ஓட்டுதான் முடிவு. தலைவரோ செயற்கைக்கோள் கட்சி.

நோரீனுக்கு அரசியலும் தெரியாது, மேடையும் தெரியாது. ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், முன்னும் பின்னும் மலை சரிந்து, பேருந்து நிறையப் பிள்ளைகளோடு பதினோரு மணி நேரம் அவள் நடுவில் மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் பதினோரு மணி நேரமும் ஹார்லன் ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தார். எந்தப் பிள்ளையின் அம்மா என்ன சொன்னாள், மண்ணை எவ்வளவு தூரம் வாரியாயிற்று, யார் வீட்டு நாய் சாப்பிட மாட்டேனென்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நகரத்துச் செயற்கைக்கோளுக்கு ஆல்டர் கிரீக் நாயைத் தெரியுமா? அதற்காகத்தான் அவள் பதினைந்து நேயர்களிடம் கையெழுத்து வாங்கித் தேர்தலில் நின்றாள். முதல் கையெழுத்து பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் டெல்ஃபா போட்டது.

ஹார்லனும் நின்றார். இருபத்தேழு வருஷமாகச் சனிக்கிழமை காலையில், பழைய பொருள் கொடுக்க வாங்க என்று ஒரு நிகழ்ச்சி நடத்தியவர். "யாரு ஜெயிச்சா என்ன, ரெண்டு பேர் கையும் ஒரே பக்கந்தானே தூக்கப் போகுது" என்று நோரீனிடம் சிரித்தார். ஓட்டுச்சீட்டுகள் தபாலில் போன ஆறாம் நாள், விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தேர்தல் பேச்சை அதற்கு முன்பே பதிவு செய்து கொடுத்திருந்தார்.

தேர்தலை நடத்தியவர் ஆரின் டீக் என்ற ஓய்வு பெற்ற நில அளவையாளர். நல்ல மனுஷன்தான், ஆனால் விதி என்று வந்துவிட்டால் ஒரு அங்குலம் நகர மாட்டார். செத்தவருடைய குரலை எடுத்துவிடுங்கள் என்று கேட்க நோரீன் அவரிடம் போனாள். ஆரின் விதிப்புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். ஓட்டுச்சீட்டில் பேர் உள்ள எல்லோருக்கும் சமமான ஒலிபரப்பு நேரம் தர வேண்டும். ஒருவருடையதை நிறுத்தினால் மற்றவருடையதையும் நிறுத்த வேண்டும். பதிவு செய்த பேச்சை மாற்றக் கூடாது. வேட்பாளர் விலகுவதென்றால் அவரே கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

"அவர் எப்படி எழுதித் தருவாரு, ஆரின்?"

"தரலையே. அதான் இன்னும் நிக்கிறாரு."

அவர் ஜெயித்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். நாற்காலி ஒரு வருஷம் காலியாக இருக்கும் என்றார். இதையாவது ரேடியோவில் சொல்லுங்களேன் என்றால், ஓட்டுப்பதிவு முடியும்வரை தேர்தலைப் பற்றி ஒலிவாங்கி முன் யாரும் வாய் திறக்கக் கூடாதாம், அதுவும் விதியாம். நோரீனுக்கு அழுகை வந்தது. எல்லோரும் நியாயமாக நடந்து நடந்தே நிலையத்தைக் குழியில் தள்ளப் போகிறார்கள் என்று ஆத்திரமாகவும் வந்தது.

ஹார்லனுடைய நிமிடம் பெரிய பேச்சொன்றுமில்லை. கொள்கை கிடையாது, வாக்குறுதி கிடையாது. "உங்களுக்கு என்ன தோணுதோ என்கிட்ட சொல்லுங்க. மதியம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் வீட்டுலதான் இருப்பேன். நான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு நிதானமாக வீட்டுத் தொலைபேசி எண்ணை இரண்டு தடவை சொல்வார். அவ்வளவுதான்.

அந்த எண்ணுக்கு ஜனங்கள் கூப்பிடுகிறார்கள் என்று டெல்ஃபாதான் முதலில் சொன்னாள். பள்ளிச் சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய் வந்ததுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"நானும் கூப்பிட்டேன்டி. எடுத்தாங்க."

"யாரு எடுத்தா?"

"யாரும் பேசல. ஆனா கேட்டுட்டு இருந்தாங்க. நம்ம பேச்ச ஒருத்தர் கேக்குறாங்களா இல்லையான்னு நமக்குத் தெரியாதா? என் புருஷன் இருபது வருஷமா கேக்காம உக்காந்திருக்கான், எனக்கு வித்தியாசம் தெரியும்."

ஓட்டு யாருக்கு என்று நோரீன் கேட்கவில்லை. டெல்ஃபா அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த தட்டை எடுத்தாள்.

அன்று இரண்டே காலுக்கு நோரீன் தன் வீட்டிலிருந்து அந்த எண்ணைச் சுழற்றினாள். யாரோ விஷமம் பண்ணுகிறார்கள், நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள். ஹலோ இல்லை. பதிவு இயந்திரத்தின் சத்தமும் இல்லை. தூரத்தில், அடுத்த அறையில் இருப்பதுபோல், ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதே நிலையம்தான். "யாரது?" என்றாள். பதிலில்லை. ஆனால் ஒரு ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்லு என்று காத்திருக்கிற அமைதி அது. திட்ட வாயெடுத்தவள் என்னத்தைச் சொன்னாள் தெரியுமா? மலை சரிந்த அன்றைக்குத் தான் பயந்து நடுங்கியதைச் சொன்னாள். பிள்ளைகளிடம் பாட்டுப் பாடிக்கொண்டே, ஸ்டியரிங்குக்குக் கீழே பாவாடையை நனைத்துக்கொண்டதைச் சொன்னாள். அதுவரை உலகத்தில் ஒருவரிடமும் சொல்லாதது. வைத்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிடம். மனசு லேசாகியிருந்தது. அப்புறம்தான், லேசாகியிருக்கிறதே என்று குலை நடுங்கியது.

சாக்ரமெண்டோவில் இருந்த ஹார்லனின் தங்கையைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். அண்ணன் வீட்டில் ஒருவரும் இல்லை என்றாள் தங்கை. சாவி பின்வாசல் பூந்தொட்டிக்கு அடியில்தான் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திப் பத்து நாளாகிறது. தொலைபேசி மட்டும் மாசக் கடைசி வரை இருக்கும். யாராவது தொந்தரவு செய்கிறார்களென்றால் போய் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிடு, புண்ணியமாய்ப் போகும் என்றாள். மின்சாரம் இல்லாமல் ரேடியோ எப்படி ஓடியது என்று நோரீன் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள், பாவம்.

ஓட்டுப்போடக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் நிலையத்து வாசலில் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் எதையும் கடைசி நாளில்தான் செய்வார்கள். அன்றைக்கு மட்டும் அந்த ஃபோன் எடுக்கப்படாவிட்டால், செத்தவர் செத்தவர்தான் என்று அவர்களுக்கு உறைத்துவிடும், இருபது ஓட்டாவது தன் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டாள். இரண்டு மணிக்குப் பேருந்திலேயே ஹார்லன் வீட்டுக்குப் போனாள். மூன்றேகாலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், மலைப்பாதையில் சுற்றிப் போனாலும் பத்து நிமிட ஓட்டம்தான்.

உள்ளே பூட்டிய வீட்டு வாடை. சமையலறை மேஜையில் ஃபோன். ரேடியோ அலமாரி மேல் இருந்தது. அதன் ஒயர் சுவரை எட்டாமல் தரையில் கிடந்தது, மேலே தூசி படிந்திருந்தது. தரையிலும் தூசி. நோரீனின் கால்தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. ஒரே ஒரு நாற்காலி மட்டும் ஃபோன் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தது. அவள் குனிந்து ஃபோன் ஒயரைக் கையில் பிடித்தாள். மணி அடித்தது.

பிடுங்கியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தோன்றியது. எடுத்தாள்.

"ஹார்லன், நான் டெல்ஃபா. சீட்ட கையில வெச்சுட்டு உக்காந்திருக்கேன். நோரீனுக்குப் போடணும்னுதான் நெனச்சேன். அவ மனசு தங்கம். ஆனா அவ பேசுனா காதுல நிக்கவே மாட்டேங்குது. நீங்க சும்மா இருந்தாலே போதும்."

"டெல்ஃபா, நான்தான் நோரீன். இங்க யாருமே இல்ல. அவருக்குப் போட்டா நாற்காலி காலியாகிடும்டி. நிலையமே போயிடும்."

டெல்ஃபா ஃபோனை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"உங்க ரேடியோல நோரீன் பேசறா போலிருக்கு. சத்தத்த கொஞ்சம் கொறச்சு வைங்க ஹார்லன். நான் சொல்றத நீங்க கேக்கணும்."

நோரீன் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். ரேடியோ சும்மா கிடந்தது. அவள் மறுபடி டெல்ஃபாவின் பேரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டை வலிக்கக் கத்தினாள். டெல்ஃபா, ரேடியோ இரைச்சலுக்கு மேல் பேசுகிறவள்போல் தன் குரலை உயர்த்திக்கொண்டு, தன் புருஷனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் நோரீன் வாயை மூடினாள். உடனே டெல்ஃபாவின் குரல் தணிந்து பழைய நிலைக்கு வந்தது. "ஆங், இப்ப சரி" என்றாள்.

டெல்ஃபா சொன்னதெல்லாம் நோரீனுக்குத் தெரியாத விஷயங்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் சொல்லாதவை. கேட்டுக்கொண்டே நோரீன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். டெல்ஃபா வைத்ததும் மறுபடி மணி அடித்தது. இந்த முறை ஒரு ஆண், யாரென்று தெரியவில்லை, எடுத்த எடுப்பிலேயே அழுதான். அவனுக்கு அடுத்து, பேரனைப் பிரிந்த ஒரு கிழவர். ஒவ்வொருவரும் கடைசியில், உங்களுக்குத்தான் என் ஓட்டு என்று சொல்லிவிட்டு வைத்தார்கள். ஒயர் அவள் இடது கையில்தான் இருந்தது. ஒரு இழுப்பு போதும்.

மூன்று இருபதுக்குப் பள்ளியின் திசையிலிருந்து மணி நீளமாக ஒலித்தது. வெளியே மஞ்சள் பேருந்து கதவைத் திறந்தபடி நின்றது, உள்ளே பனி நுழைந்து இருக்கைகளின் மேல் படிந்துகொண்டிருந்தது. மேஜையில் ஃபோன் மறுபடி அடித்தது. நோரீன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காதபடி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.