ஒரு பிடி ஆட்டு ரோமம்

துக்கத்துக்கென்று எடுத்து வைத்திருந்த கறுப்புக் காலணியை வாசலிலேயே விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஹேஸல் குன்றேறிக்கொண்டிருந்தாள். கீழே வீட்டின் முன்னறையில் அவள் அப்பா வில்ஃப் சவப்பெட்டிக்குள் கிடந்தார். மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அடக்க வேலைகளைப் பார்க்கும் லோடர் என்பவர் அவளுக்காகக் காத்திருந்தார்.

எல்லாம் ஒரு பிடி ஆட்டு ரோமத்துக்காக. இங்கிலாந்தில் டார்செட்டின் அந்தக் குன்றுப் பக்கத்தில், மேய்ப்பன் செத்தால் அவன் மந்தையின் ரோமத்தைக் கையில் வைத்துத்தான் பெட்டியை மூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் சர்ச் பக்கமே தலைகாட்டவில்லை என்று மேலே கேள்வி வந்தால், ஆள் கையை விரித்துக் காட்டினால் போதும், ஆடுகளை விட்டு வரமுடியாதவன் என்று புரிந்துவிடும். வில்ஃப் விஷயத்தில் ஒரு பிடி போதுமா என்பதே ஹேஸலுக்குச் சந்தேகம். மனிதர் தன் கல்யாணத்துக்கென்று சர்ச்சுக்குப் போனதோடு சரி.

அவள் கிளம்பும்போது தம்பி நைஜல் வாசல்வரை வந்தான். பிரிஸ்டலில் இருக்கிறவன், நேற்று இரவுதான் வந்திருந்தான்.

"நிலத்துக்காரரோட ஏஜென்ட் சாப்பாட்டுக்கு வர்றாராம்க்கா. பண்ணைக் குத்தகையை உன் பேருக்கு மாத்தறதப் பத்தி. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடு, கவலை விட்டுது."

"யாருக்குக் கவலை விட்டுது?"

"என்னக்கா, நீ இல்லாம பண்ணை ஏது?"

அவள் படியிறங்கி நடந்தாள். கோட்டுப் பையில் வேமத் என்ற கடற்கரை ஊரின் ஓர் அறைச்சாவி கிடந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். ஓர் ஆடுகூடக் கண்ணில் படாது. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வாடகைக்குப் பிடித்த அறை. அவர் போனதும் கிளம்பிவிட வேண்டும் என்று நினைப்பது பாவமோ என்று யோசித்தும் பார்த்துவிட்டாள். ஐம்பத்துமூன்று வயதுக்கு அது பாவமாகப் படவில்லை. இன்று ஏஜென்டிடம் முடியாது என்று சொல்லிவிடுவாள். அவ்வளவுதான்.

குன்றின் தலையை மூன்று மண்மேடுகள் சுற்றி வளைத்திருந்தன. நடுநடுவே ஆளை விழுங்குகிற பள்ளங்கள். பழங்காலத்தில் யாரோ யாருக்கோ பயந்து வெட்டிய கோட்டை. இப்போது உள்ளே இருப்பது வில்ஃபின் ஆடுகள் மட்டும். கிழக்கு வாசல் வேண்டுமென்றே வளைத்து வளைத்து அமைத்த வழி. "உள்ள வர்றவன்தான் திணறணும்னு கட்டினானுங்க, வெளிய போறவனும்ல திணறுறான்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

முள்கம்பியில் சிக்கியிருந்த ரோமத்தைப் பிய்த்துச் சாவியோடு பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினாள். வேலை முடிந்தது.

அப்போதுதான் நாய் குரைத்தது. நடைப்பயணம் வந்த ஒருவர் கழுத்தில் வரைபடம் தொங்க மேட்டின்மேல் நின்றார். அவருடைய நாய் ஆடுகளைச் சிதறடித்துக்கொண்டிருந்தது.

"நாயைப் பிடிங்க!"

"சும்மா விளையாடுதுங்க."

"அது விளையாடுது. ஆடு சாகுது."

நிறைசினை ஆடு ஒன்று பள்ளத்தில் உருண்டு, மல்லாந்து, நாலு காலையும் வானத்தில் உதைத்தது. அப்படியே விட்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும். கீழே வீட்டு முற்றத்தில் பெட்டியை ஏற்றிப்போகும் கறுப்பு வண்டி வந்து நிற்பது தெரிந்தது. பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பள்ளத்தின் அடியில் நின்றிருந்தாள்.

ஆட்டின் ரோமத்தை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துப் புரட்டினாள். எழுந்த ஆடு குடிகாரனைப் போலத் தள்ளாடியது. விட்டால் மறுபடி விழும். இரண்டு முழங்காலுக்கு நடுவில் அதை இறுக்கிக்கொண்டு, கால் ஊன்றும்வரை நின்றுதான் ஆகவேண்டும். இரண்டு பக்கமும் மண்சுவர். தலைக்கு மேல் ஒரு கீற்று வானம். பெற்ற அப்பனின் அடக்கத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவளால் ஓர் அடி நகர முடியவில்லை.

"செத்தும் விடமாட்டீங்களாப்பா?" என்று ஆட்டின் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அழுகையும் அப்போதுதான் வந்தது.

மேலே இருந்து அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நாய் இப்போது கயிற்றில் இருந்தது. "மன்னிச்சுக்குங்க. இங்கேருந்து வெளிய போக எது வழி?"

"இடது பக்கம். அப்புறம் வலது. அப்புறம் நேரா போயிட்டே இருங்க" என்றாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது முழங்கால்வரை சேறு.

"எங்கக்கா போன? எல்லாரும் சர்ச்ல காத்திட்டிருக்காங்க!" என்றான் நைஜல்.

"ஆடு ஒண்ணு மல்லாந்துடுச்சு."

"இன்னிக்குமா?"

லோடர் மட்டும் அதை நியாயமான காரணம்போல ஏற்றுத் தலையசைத்தார். ஹேஸல் கையை விரித்தாள். புரட்டும்போது கையோடு வந்த ரோமம் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பது போலிருந்தது. அப்பாவின் விரல்களைப் பிரித்து அதை வைத்து மூடினாள். கரடுமுரடான விரல்கள், அவளுடையதும் அதே கைதான்.

"பையிலயும் துருத்திட்டிருக்கு பாரு. அதையும் வெச்சிடேன்" என்றான் நைஜல்.

அவள் பைக்குள் கையை விட்டாள். ரோமம் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். அப்படியே உள்ளே அழுத்தினாள்.

"இது இருக்கட்டும்."

"எதுக்கு?"

"சாயங்காலம் அந்த ஆட்டை ஒருதரம் போய்ப் பாக்கணும்" என்றாள். "ஒருதரம் விழுந்தது மறுபடியும் விழும்."

நைஜல் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "நான் அப்பவே சொல்லல? நீ இல்லாம பண்ணை ஏது?"

லோடர் மூடியைத் தூக்கிப் பொருத்தினார். திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். கடைசித் திருகாணி இறுகும்வரை ஹேஸல், ரோமத்தோடு சாவியையும் பிடித்திருந்த கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.