அலமாரிக்குப் பின்னால் ஒரு வழி

சாலையை அகலமாக்க, அந்தப் பழைய குடியிருப்பின் ஏழு வீட்டு வாசலிலும் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இடிபடும். இடம் காப்பாற்ற வேண்டிய அளவுக்குப் பழமையானது என்று ஆதாரத்தோடு எழுதினால் மட்டும் கோடு எதிர்ப்பக்கத்து வெற்று நிலத்துக்கு நகரும். அதைப் பார்த்து எழுதத்தான் நகராட்சி ஓர் ஆய்வாளரை அனுப்பியிருந்தது.

அவருக்குப் பேருக்குக்கூட ஒன்றும் சிக்கவில்லை. ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டதுமே ஏழு வீட்டாரும் சுவருக்குப் பூச்சு பூசி, கதவுக்குச் சாயம் அடித்து, மாப்பிள்ளை வீட்டார் வருவதைப் போலத் துடைத்து வைத்திருந்தார்கள். பழசைத் தேடி வந்தவரிடம் பழசை ஒளித்த புண்ணியவான்கள்.

"எழுத ஒண்ணுமே இல்லையா தம்பி?" நடு வீட்டுத் தையற்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இல்லக்கா. எல்லாம் நேத்து கட்டின மாதிரி இருக்கு. என்னால பொய் எழுத முடியாது."

"முதுகு ஒடிய சாயம் அடிச்சோமே, அதுக்கு நல்ல பலன்."

புதுச் சுண்ணாம்பு நெடியில் ஆய்வாளர் தும்மினார்.

"வெந்நீர் வெச்சுக் குடிங்க அண்ணி!" என்றது சுவர்.

"யாருக்கா அது?"

"தெருவுல யாரோ." தையற்காரி தலையைத் துணிக்குள் புதைத்துக்கொண்டாள்.

ஆய்வாளர் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார். அந்த நேரம் பார்த்துச் சுவரோரம் இருந்த அலமாரி கிறீச்சென்று நகர்ந்தது. இடுக்கில் முதலில் ஒரு கிண்ணம் வந்தது, பிறகு ஒரு கை, அப்புறம் ஒரு முகம்.

"அண்ணி, கொஞ்சம் சர்க்கரை... ஐயையோ, இவரு இன்னும் போகலையா?"

பக்கத்து வீட்டில் இருக்கும் தம்பி மனைவி.

"அறிவிருக்கா உனக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அலமாரிக்குப் பின்னால் கதவில்லாத வாசல். அதற்கு அப்பால் அடுத்த வீட்டுச் சமையலறை. அதன் கோடியில் இன்னோர் அலமாரியின் முதுகு.

"ஏழு வீட்டுலயும் இப்படியா? எதுக்குக்கா மறைச்சீங்க?"

"எல்லாம் ஒரே வீடுன்னு முடிவு கட்டி, ஒரே தண்ணிக் குழாய் குடுத்துட்டா? விடிஞ்சா ஏழு வீட்டுச் சண்டையும் ஒரே குழாயடியிலயா?"

ஆய்வாளர் பையை இறக்கி வைத்தார். "எல்லா அலமாரியையும் நகர்த்துங்க. குழாயைப் பத்தி நான் எழுத மாட்டேன்."

முனகிக்கொண்டே நகர்த்தினார்கள். கடைசி வீட்டில் நின்று பார்த்தபோது, முதல் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருப்பது நேராகத் தெரிந்தது. நூல் பிடித்தது போல ஒரே வரிசையில் வாசல்கள். கடைசிச் சுவரில் அடுப்புக்கு மேலே கட்டைவிரல் தடிமனில் இரும்புக் கொக்கிகள். அவற்றில் கரண்டிகள் தொங்கின. மேலே உத்தரங்களில் எதுவோ உரசி உரசித் தேய்ந்த பள்ளங்கள்.

"இது வீடே இல்லக்கா. கயிறு முறுக்கின கொட்டகை. கொக்கியில இழையை மாட்டிட்டுப் பின்பக்கமாவே நடந்து முறுக்குவாங்க. வேலை நின்னதும் குறுக்கே சுவர் வெச்சுக் குடி வந்திருக்காங்க. நடந்த வழியை மட்டும் யாரும் அடைக்கல."

"உங்க தம்பி வேலைன்னாலே பின்னால நடக்கறது எதனாலன்னு இப்பத்தான் புரியுது அண்ணி" என்றாள் சர்க்கரைக்கு வந்தவள்.

தையற்காரி சிரிக்கவில்லை. "வாசல் தப்பிச்சிடுமா?"

"நேர்ல வந்து பார்க்கச் சொல்லி எழுதறேன். பார்த்துட்டாங்கன்னா கை வைக்க மாட்டாங்க. ஆனா அதுவரைக்கும் யாரும் அலமாரியைத் திரும்பத் தள்ளக் கூடாது."

அதிகாரிகள் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக ஏழு சமையலறைக்குள்ளும் நடந்தார்கள், ஏழு வீட்டுத் தேநீரையும் குடித்தார்கள். கோடு எதிர்ப்பக்கம் போயிற்று.

அந்தச் செய்தியோடு ஆய்வாளர் வந்தபோது தையற்காரியின் வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டிப் பார்த்தார், இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி மனைவி ஒரு கிண்ணத்தை அவர் கையில் திணித்து உள்வழியைக் காட்டினாள்.

அவர் குனிந்து நுழைந்தார். "அக்கா, கொஞ்சம் சர்க்கரை."