இரண்டு விரல் அகலப் பட்டை

ரோண்டாவின் தலையில் நான் கை வைத்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என் புருஷன் லெஸ்டர். முன்னாள் புருஷன் என்று சொல்லவேண்டுமாம், கோர்ட்டில் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காகிதத்தில் இருபத்திரண்டு வருஷம் ஆவியாகிவிடுமா?

அந்த 2002-ல் ஒஹையோ முழுக்க ஒரே பைத்தியம். கறுத்த முடியில் பெயிண்ட் பிரஷால் இழுத்த மாதிரி தடித்த பொன்னிறப் பட்டைகள். பள்ளிக்கூடத்துப் பெண்ணிலிருந்து பாதிரியார் பெண்டாட்டி வரைக்கும் அதுதான் கேட்டார்கள். மாலில் இருந்த கடையில் போட்டுக்கொண்டவர்கள் வரிக்குதிரையாகி, என்னிடம் வந்து அழுதார்கள். எங்கள் ஊரில் பட்டையை ஒழுங்காகப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் ரோண்டா என்னிடம்தான் வரவேண்டியிருந்தது. வெட்கம், மானம் இருக்கிறவள் பட்டையே வேண்டாம் என்று இருந்திருப்பாள். இவள் வந்தாள்.

தனியாக வரவில்லை. லெஸ்டரின் அம்மா ஓபலையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஓபல் வியாழன் தவறாமல் என்னிடம்தான் தலையைச் சுருட்டிக்கொள்வாள். நான் மருமகளாக இருந்தபோதும் அப்படித்தான், பிறகும் அப்படித்தான். கிழவிக்கு மருமகள் மாறலாம், பார்லர் மாறக்கூடாது.

"பழச மனசுல வெச்சுக்காத, டார்லா," என்றாள் ஓபல், தலை நிறைய முடி சுருட்டும் கட்டைகளோடு. "இவ தலையப் பாரு. முப்பத்தொன்பது வயசு. ஒரு நரை உண்டா? உனக்கு நாப்பதுலயே பஞ்சா வெளுத்துப்போச்சு."

"உங்களோட இருந்ததுல வெளுத்ததுதான்," என்றேன். பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள்.

"லெஸ்டர் கிட்ட நீயாவது சொல்லேன். கல்யாணத்துக்காவது அந்தப் பின்முடிய வெட்டிக்கச் சொல்லு. நான் சொன்னா கேக்கறானா?"

லெஸ்டர் கேட்கமாட்டான். முன்னால் குட்டை, பின்னால் தோள் வரைக்கும் தொங்கும் முடி அது. பத்தொன்பது வயதிலிருந்து வளர்க்கிறான். மாசா மாசம் நான்தான் நுனியை வெட்டிவிடுவேன். அரை அங்குலம் கூடிவிட்டால் இரண்டு நாள் பேசமாட்டான்.

ரோண்டா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று வருஷம் என்னோடு ஒரே பௌலிங் டீமில் பந்து உருட்டியவள், என் வீட்டு மேஜையில் சாப்பிட்டவள். "மெல்லிசுக் கோடெல்லாம் வேண்டாம்டி. ரெண்டு விரல் அகலம். நான் நடந்து வரப்ப சர்ச்ல கடைசி வரிசைக்கும் தெரியணும்."

"தெரியும்," என்றேன்.

முடியை நனைத்தேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. அடிப்பாவி! நரையை மறைக்க மருந்துக்கடையில் விற்கிற திரவத்தின் நாற்றம் அது. விடாமல் தடவினால் நரை மெல்ல மெல்ல இருளும், சாயம் போட்டதே யாருக்கும் தெரியாது. ஆனால் அதில் உலோகம் இருக்கிறது. அது ஏறிய முடியில் நிறம் எடுக்கிற பிளீச் பட்டால் முடி வெந்துவிடும். அதனால்தான் பட்டை போடுகிற எவளும் முதலில் பிடரியில் நாலு முடி வெட்டி, பிளீச் மருந்தில் போட்டுப் பார்ப்பாள். நான் இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். பார்க்காமல் ஒரு தலையைத் தொட்டதில்லை.

அன்றைக்கும் பார்த்தேன். சீவுகிற சாக்கில் நாலு முடி வெட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கிண்ணத்தில் போட்டதும் நுரைத்தது. கிண்ணம் கையில் சுட்டது. முடியைத் தொட்டேன், மாவாகப் பிசுபிசுத்தது. எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

வெளியே போய் அவள் காதோடு சொல்லியிருக்கலாம். 'உனக்குப் பட்டை ஆகாதுடி, எழுந்து போ' என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. எனக்கு லெஸ்டர் வேண்டும். அதை மறைப்பானேன்? தான் கட்டப்போகிறவள் பொய்க்காரி, கிழவி என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். சனிக்கிழமைக்குள் பார்க்கட்டும். பிறகு எங்கே போவான், என் வீட்டுக்குத்தானே?

கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன் தெரியுமா? ஓபலுக்கு நேராக நின்றுகொண்டு, கடையே கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"ரோண்டா, உண்மையச் சொல்லு. நரைக்கு ஏதாவது தடவறியா?"

அவள் முகம் வெளிறியது. ஓபல் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"நரையே இல்ல, எதுக்குத் தடவறா?" என்றாள் ஓபல்.

"அதானே," என்றாள் ரோண்டா. "எல்லாம் பொறந்ததுலேருந்து இருக்கற நெறம்தான்."

"அப்ப இதுல கையெழுத்துப் போடு." கார்டை நீட்டினேன். தலையில் எந்த மருந்தும் போட்டதில்லை என்று எல்லா வாடிக்கையாளரும் எழுதிக் கொடுக்கிற கார்டு. பேனாவை வாங்கினாள். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். காப்பாற்றுடி என்று கேட்கிற பார்வை. நான் முடிக்கற்றையைச் சுற்ற அலுமினிய ஃபாயிலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு விரல் அகலம், கேட்டபடியே. பிளீச் தடவிச் சுற்றியது பத்து ஃபாயில். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக முடியைப் பிரித்ததில்லை.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. "சுடுதுடி," என்றாள்.

"வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"இல்ல டார்லா, ரொம்பச் சுடுது."

"அழகுன்னா சும்மாவா? கொஞ்சம் பொறுத்துக்கோ."

நெற்றிக்கு மேலிருந்த ஃபாயிலில் புகை கிளம்பியதும் ஓபல்தான் அலறினாள். "ஐயோ, தலை எரியுதுடி!" அதற்குமேல் காத்திருக்கவில்லை. தொட்டிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்தேன். ஃபாயிலை உருவினேன், முடியும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு ஃபாயிலிலும் ஒரு கற்றை, வடிகட்டிய நூடுல்ஸ் மாதிரி. நல்லவேளை, தோல் சிவந்ததோடு போயிற்று.

கண்ணாடியில் பார்த்தாள். அவள் கேட்ட இடத்தில், கேட்ட அகலத்தில் பத்துப் பட்டை. பொன்னிறம்தான் இல்லை. அரை அங்குலக் கட்டை முடி.

"இத்தன பேர் கேக்க உன்னைக் கேட்டேனே, ரோண்டா," என்றேன் மெதுவாக. "கையெழுத்தும் போட்டியே."

ஓபலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "நரைக்குப் பூசறவளா நீ? உனக்கு என்ன வயசுடி?" என்று சுருட்டும் கட்டைகளோடு எழுந்து நின்றாள். ரோண்டா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடினாள். அவள் விட்டுப்போன பையில் டிரைவிங் லைசென்ஸைத் தேடி எடுத்து, ஓபல் பிறந்த வருஷத்தை உரக்கப் படித்தாள். கணக்குப் போட்டால் வயது நாற்பத்தெட்டு. கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே வாசலில் லெஸ்டர் நின்றான். வந்துவிட்டான்! 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரிச் சர்க்கரை போடாமல் காப்பி ஊற்றினேன். அவன் காப்பியைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மொத்தமா எடுத்துடு."

"என்னது?"

"மொட்டை. அவளுக்கும் ராத்திரி நான்தான் எடுத்துவிட்டேன். என் முடிய எடுக்க உன்னை விட்டா யாரு இருக்கா?"

"லெஸ்டர், உனக்கென்ன பைத்தியமா? அவ உன்னை ஏமாத்தினா. முப்பத்தொன்பதுன்னு சொல்லிட்டு, நாப்பத்தெட்டு..."

"அது எங்கம்மாவுக்குச் சொன்ன வயசு. நாப்பத்தெட்டாவது பொறந்த நாளுக்கு கேக் வாங்கினதே நான்தான்."

அவன் தொடாத காப்பியை எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன்.

"அந்த மருந்தையும் நான்தான் தடவிவிடுவேன்," என்றான். "பின்பக்கம் அவளுக்குக் கை எட்டாது."

இருபத்திரண்டு வருஷம் இவனோடு படுத்து எழுந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் முடியைத் தொட்டிருப்பானா?

கண்ணாடியில் என்னை நேராகப் பார்த்தான். "நாலு முடி வெட்டிப் போட்டுப் பாக்காம நீ எந்தத் தலையையும் தொடமாட்ட. தெனம் ராத்திரி சாப்பாட்டுல அந்தக் கதையக் கேட்டவன் நான். நேத்துப் பாத்தியா?"

மெஷினை எடுத்து ஓடவிட்டேன். அந்தச் சத்தத்தில் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷ முடி, என் கையாலேயே, கொத்துக் கொத்தாக என் செருப்பின் மேல் விழுந்தது. கழுத்தில் ஒட்டியதைத் துடைக்கப் போனேன். தலையை விலக்கிக்கொண்டான்.

"கார்டுல நானும் கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டுவிட்டு, ரோண்டாவின் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

எதிரே அவன் டிரக்கில் அவள் உட்கார்ந்திருந்தாள், தலையில் ஸ்கார்ஃபோடு. அவன் ஜன்னலுக்குள் தலையைக் குனிந்து நீட்டினான். அவள் அந்த மொட்டையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள், அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு தன் ஸ்கார்ஃபை அவிழ்த்துத் தன் தலையையும் காட்டினாள். அவனும் தடவினான். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று இரண்டு பேரும் கவலைப்படவில்லை.

நான் துடைப்பத்தை எடுத்து அவன் முடியைக் கூட்டினேன். ஒன்பது மணிக்கு ஒரு பெண் பட்டை போட்டுக்கொள்ள வரவேண்டியிருந்தது.