பாதாளத்துக்கு மூன்று பூச்சு

கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்ததும், பாட்டுப் போட வந்த பாதாளம் வழுக்கினார். விழவில்லை. இசைத்தட்டுப் பெட்டியை மார்போடு அணைத்தபடி, நின்ற நிலையிலேயே கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய், பாட்டுப் போடும் மேசையில் வயிறு முட்டி நின்றார். வரவேற்கப் பூங்கொத்தோடு படியருகே காத்திருந்த மருந்துக்கடைக்காரி, அவர் போன திசையைப் பார்த்து, "வாங்க சார்" என்றாள்.

"வந்துட்டேம்மா" என்றார் அவர், அங்கிருந்தே.

வாழ்நாள் முழுக்கக் கிடங்குகளிலும் கார் நிறுத்தும் அடித்தளங்களிலும் மட்டுமே டிஸ்கோ போட்டவர். வானொலிக்குப் போனதில்லை, போட்டோவுக்கு நின்றதில்லை. அதனால்தான் பாதாளம் என்று பேர். எழுபதைத் தாண்டிய அவரைப் பற்றி ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. முகங்களைப் பார்க்க மாட்டார், கால்களைத்தான் பார்ப்பார். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கால்கள் அசையவில்லை என்றால் பெட்டியை மூடிவிடுவார். கோபமெல்லாம் கிடையாது. "இன்னிக்கு உங்களுக்கு வேற வேலை இருக்கு போல" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விடுவார்.

மருந்துக்கடைக்காரி வாரம் முழுக்க மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால், அண்ணனின் குளியலறைச் சாமான் கடைக்குக் கீழேயுள்ள இந்த அடித்தளத்தில் டிஸ்கோ கிளப் நடத்துவாள். வருகிற கூட்டம் ஒரு வேனில் அடங்கிவிடும். அண்ணன் அன்று காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.

"இதோ பாரும்மா. உன் பாதாளமோ ஆகாசமோ வந்து, இந்தத் தரையில கூட்டம் ஆடுறதை நான் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா நாளைக்கு வாஷ்பேசினெல்லாம் கீழ இறங்குது. மழையில நனையுது அதுங்க."

"வாஷ்பேசின் நனைஞ்சா என்னண்ணே? அதுக்குத்தானே அது இருக்கு?"

"அட்டைப்பெட்டி நனையுதும்மா!"

அந்தப் பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அவள் முகத்துச் சிரிப்பைக் கலைக்காமல் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க. தரையை என்ன பண்ணீங்க?"

தரைக்குப் பாலிஷ் போடுவதுதான் அவருக்குத் தொழில். முகம் மலர்ந்துபோனது. "கண்டுபிடிச்சிட்டியா? மூணு பூச்சு! ஆஸ்பத்திரிக்கே ரெண்டுதான் போடுவேன்."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்புற மாதிரி போட்டிருக்கீங்க."

"பெரிய மனுஷர் வர்றார், நல்லா வரவேற்கணும்னு நீதானே சொன்னே?"

"வரவேற்கச் சொன்னேன். தள்ளிவிடச் சொல்லலை."

"ஒரு ராத்திரி காஞ்சா பிடிமானம் வந்துடும்."

"அதுவரைக்கும் எல்லாரையும் படியில உக்கார வைக்கவா?"

அதற்கு மேல் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள்கூட ஆடாத மனிதர் அவர். ஒவ்வொரு ஞாயிறும் சுவிட்சுப் பலகையருகே நிற்பார், தாளத்துக்கு விரல்கூடத் தட்ட மாட்டார். அவளுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது ஒரு தரைதான். அதைக் கொடுத்திருந்தார். கூரையில் தொங்கிய கண்ணாடிப் பந்து தரைக்குள்ளும் இன்னொன்றாகத் தெரிந்தது.

பாதாளத்தின் பேர் கேட்டு என்றுமில்லாத கூட்டம் வந்தது. வந்த கூட்டம் முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் பாட்டுக்குத் தலைகள் ஆடின, தோள்கள் குலுங்கின, கால் மட்டும் யாருக்கும் நகரவில்லை. துணிச்சலாக நடுவே வந்த ஒரு பஸ் டிரைவர், யாரோ நாற்காலி போட்டுக் கொடுத்ததுபோல மெதுவாக உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்தபடியே கை தட்டினார்.

இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மருந்துக்கடைக்காரி சுவரோரமாகவே நகர்ந்து மேசைக்கு வந்துசேர்ந்தாள்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேணாம்மா, எனக்கே தெரியுது." அவர் நிமிரவில்லை. "இறங்கினதுமே முட்டி என்னைக் கைவிட்டுடுச்சு, பார்த்தே இல்ல? ஷூ தேஞ்சுபோச்சுன்னு சொல்லிச் சமாளிக்கலாம்னு இருந்தேன். தன் காலே நிக்காதவன் போடுற பாட்டுக்கு எவன் கால் அசையும்?"

"ஐயோ, அது உங்க முட்டி இல்ல சார். என் வீட்டுக்காரர்."

"அவருக்கும் முட்டியா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஹெட்போன் அவர் காதுக்கு ஏறிவிட்டது. மூன்றாவது தட்டு சுழன்றது. அவருடைய ஒரு கை பெட்டியின் மூடிமேல் இருந்தது.

படியில் நின்ற அண்ணன் குனிந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வாஷ்பேசினைக் காலையிலேயே இறக்கிடட்டுமா?"

தரையில் விழுந்த ஒரு சுவட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்த கணவர் தலை தூக்கி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் கிளம்பிவிட்டார். பூச்சு காயாத தரையைப் பாலிஷ்காரர்கள் கடக்கிற விதம் தனி. முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், குதிகால் எழும்பாது. உடம்பின் கனத்தை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றி மாற்றி, மெஷின் கைப்பிடியைப் பிடித்ததுபோல இரு கையும் முன்னால் நீள, தேய்த்துக்கொண்டே போவார்கள். பாட்டை அவர் கவனிக்கவே இல்லை. பாட்டுத்தான் அவருடைய காலோடு சேர்ந்துகொண்டது.

யாரோ விசிலடித்தார்கள். தரையிலிருந்த டிரைவர் கேட்டார்: "அண்ணே, அது எப்பிடிண்ணே?"

"காலைத் தூக்காதீங்க! தூக்கினா விழுவீங்க. தேய்ங்க!" வேலையாட்களிடம் பேசுகிற அதே குரல். "இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மூலை விடாம தேய்ங்க!"

முதலில் ஒரு நர்ஸ் சுவரை விட்டாள். அவள் டிரைவரின் பெல்ட்டைப் பிடித்து எழுப்ப, அவள் தோளை இன்னொருத்தி பிடித்தாள். அறிமுகமே இல்லாதவர்கள் விழாமலிருக்க ஒருவரையொருவர் பற்றிக்கொண்டார்கள். கூடமே இந்தப் பக்கம் தேய்ந்து அந்தப் பக்கம் திரும்பியது. "மூலை விட்டுட்டே, மூலை!" என்று ஒரு கிழவர் தன் மனைவியை அதட்டினார். "வீட்டுல ஒரு நாளாவது துடைச்சிருக்கீங்களா?" என்றாள் அவள், கையை விடாமல்.

பெட்டியின் மூடியிலிருந்து பாதாளத்தின் கை நழுவியது. "இது என்ன ஆட்டம்மா? நான் எங்கேயும் பார்த்ததில்லையே!"

"மூணு பூச்சு சார்."

அவர் மேசைக்குப் பின்னால் தன் காலைத் தேய்த்துப் பார்த்தார். போனது. இழுத்துக்கொண்டார். "அப்போ என் முட்டி?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல சார்."

அவர் முட்டியைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பெட்டிக்குள் குனிந்தார். "இரு, நல்லா நீளமா ஒண்ணு எடுக்கறேன்."

கணவர் அதற்குள் அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். "என்ன ஆச்சு? ஏன் அழப்போற மாதிரி நின்னே?"

"நீங்க ஆடுறீங்க."

"நானா? வேலை பார்க்கறேன்."

அவள் அண்ணனைத் தேடினாள். அவர் கடைசிப் படிக்கு வந்திருந்தார். ஷூ இரண்டும் கழன்று, படியில் ஜோடியாக இருந்தன. ஒரு கை கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியிருந்தது. காலுறை போட்ட வலது கால் மட்டும் தரையில் இறங்கி, கண்ணாடிப் பந்து கொட்டிய ஒரு வெளிச்சத் துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.