நாலு புள்ளி ஹவுசிங்

பல் டாக்டரின் கார் மூன்றாவது முறையாகப் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது, என் கொழுந்தன் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, பழி எந்தப் பக்கம் வரப்போகிறதென்று.

அது எங்கள் இருவரையும்விட வயதில் மூத்த கார். டாக்டருடைய அப்பா ஓட்டியது. என்ஜினைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றிப் பூட்டிக் கொடுத்திருந்தோம். ஓடத்தான் செய்தது. ஆனால் நாலாவது கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், கியர் தானாகக் கழன்றுகொள்ளும். தலைமை மெக்கானிக் கொழுந்தன்தான். கியர் பாக்ஸை இரண்டு முறை இறக்கிவிட்டார். முதலில் பல்சக்கரத்தை மாற்றினார், அப்புறம் ஸ்பிரிங்கை. கழல்வது நிற்கவில்லை.

பிரித்த பாகங்களைக் கழுவுவது என் வேலை. பதினேழு வருடமாக டீசல் தொட்டியில் ஊறிய கை. எந்த சோப்புக்கும் மசியாத வாசம்.

"அந்த வாரம் ஒரே மாடல்ல ரெண்டு வண்டி பிரிச்சுக் கிடந்துச்சு டாக்டர். கழுவுற இடத்துல ஏதாவது மாறிப் போயிருக்கும்" என்றார் கொழுந்தன்.

கழுவுகிற இடம் என்றால் நான். அங்கே வேறு யாரும் கிடையாது.

டாக்டர் நம்பியதாகத் தெரியவில்லை. "பல்சக்கரத்துல தேய்மானமே இல்லைன்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க? எங்கிட்ட வர்றவங்களுக்குப் பல்லு நல்லா இருந்தும் கடி சேரலைன்னா, நான் தாடையைத்தான் பார்ப்பேன்." வெள்ளிக்கிழமை வரை பார்ப்பதாகவும், அதற்கப்புறம் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கொழுந்தன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "வர்ற திங்கள்லேர்ந்து நீங்க பெருக்குறதை மட்டும் பாருங்க அண்ணி. கழுவ வேற ஆள் வச்சுக்கறேன்."

நான் பதில் சொல்லியிருந்தால் அண்ணிக்கும் கொழுந்தனுக்குமான சண்டையாகப் போயிருக்கும். வேலை பற்றிய பேச்சாக இருந்திருக்காது.

எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு வண்டிக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு. கூர்முனை உளியான சென்டர் பஞ்சை வைத்து, புள்ளிக்கு ஒரு தட்டு; யார் கண்ணிலும் படாத விளிம்பில், அந்த வண்டியின் எல்லாப் பெரிய பாகத்திலும். நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. டாக்டர் வண்டிக்கு நாலு புள்ளி. கூட வந்த இன்னொன்றுக்கு மூன்று. அந்த இன்னொன்றை அப்புறம் உடைசலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

டாக்டர் சொன்ன தாடை மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. டார்ச்சும் துணியுமாகக் காருக்கு அடியில் படுத்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை, முதுகால் நகர்ந்தேன். என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துப் பிடிப்பது மணி போல வாய் அகன்ற ஒரு அலுமினியக் கூடு, ஹவுசிங் என்போம். இரண்டு தாடையும் சேருகிற இடம் அதுதான். எண்ணெயைத் துடைத்தேன். என்ஜின் விளிம்பில் நாலு புள்ளி. ஹவுசிங் விளிம்பில் மூன்று.

வெளியே வந்து கொழுந்தனிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. டாக்டர் வண்டியின் ஹவுசிங்கில் போல்ட் மாட்டுகிற காது ஒன்று உடைந்திருந்ததாம். நான் காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாளில் அதைக் கழித்துவிட்டு, உடைசல் வண்டியின் ஹவுசிங்கைப் பூட்டிவிட்டாராம்.

"வார்ப்பு நம்பர் ஒண்ணு, ஓட்டை எல்லாம் ஒண்ணு. அப்புறம் என்ன அண்ணி வித்தியாசம்? புள்ளியா?"

உதிரி பாகப் பட்டியலை எடுத்து வந்தேன். நான் முதன்முதலில் முழுசாகப் படித்த புத்தகம் அதுதான். எந்தப் பக்கத்தில் என்ன கறை என்பதுகூடத் தெரியும். ஹவுசிங் படத்துக்கு எதிரே இருந்த வரியில் விரலை வைத்தேன். "தனியாக விற்பனைக்கு இல்லை. என்ஜினுடன் சேர்த்தே வழங்கப்படும்."

"போல்ட்டு, வாஷர் எல்லாம் தனியா விக்கிறான். இதை மட்டும் ஏன் தம்பி விக்க மாட்டேங்கிறான்? ரெண்டையும் ஒண்ணாப் பூட்டி வச்சுத்தான் நடு ஓட்டையைக் கடைஞ்சிருக்கான். நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஜோடி வேற."

அவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கியர் பாக்ஸை மூன்றாவது முறையாக இறக்கினார்.

என்ஜின் சக்கரத்தில், மயிரிழைக் கோணலையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜை மாட்டி, முள்ளை ஹவுசிங்கின் நடு ஓட்டையில் படவைத்துச் சுற்றினோம். பன்னிரண்டு கோடு வரை நகரலாம் என்று பட்டியலில் இருந்தது. முள் முப்பத்தொரு கோடு ஓடியது. கண்ணுக்குத் தெரியாத கோணல்தான். கியர் பற்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

"சரி, அந்தப் பழசு எங்கே போச்சோ" என்றார் கொழுந்தன். குரல் இறங்கியிருந்தது.

எனக்கும் தெரியவில்லை. இரும்புக் குவியலைக் கிளறினோம், கிடங்கைப் புரட்டினோம். களைத்துப்போய் அவர் டீ டம்ளரோடு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். சாக்கு போர்த்திய, வாய் கவிழ்ந்த அவருடைய ஆசனம். சாக்குக்குக் கீழே உடைந்த காது ஒன்று எட்டிப் பார்த்தது.

"எழுந்திருங்க தம்பி" என்றேன்.

நிமிர்த்திப் பார்த்தேன். நாலு புள்ளி.

காதைப் பற்றவைத்தாக வேண்டும். பற்றவைத்த சூட்டில் கூடே கோணிவிட்டால் என் நியாயமும் கோணிவிடும். வெல்டரிடம் கொஞ்சம் கொஞ்சமாக, ஆற ஆற வைக்கச் சொல்லிக் கூடவே நின்றேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. பூட்டி, டயல் கேஜை மாட்டி, சக்கரத்தைக் கொழுந்தன் சுற்ற, முள்ளை நான் படித்தேன். ஒரு முழுச் சுற்று.

"அஞ்சு" என்றேன்.

அவர் நம்பாமல் தானே குனிந்து பார்த்து, இன்னொரு சுற்றுச் சுற்றினார். அஞ்சேதான்.

சாயங்காலம் டாக்டர் ஓட்ட, கொழுந்தன் பின் சீட்டில் ஏறிக்கொண்டு என்னை முன்னால் உட்காரச் சொன்னார். பாலத்து இறக்கத்தில் நாலாவது கியரில் டாக்டர் காலை எடுத்தார். கியர் தண்டு என் முட்டிக்குப் பக்கத்தில் லேசாக நடுங்கியது. நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடியும் எடுத்தார். நின்றது.

"தாடைதானா?" என்றார் டாக்டர்.

"தாடைதான்" என்றார் பின்னாலிருந்து கொழுந்தன். "மாத்திப் பூட்டுனது நான். கண்டுபிடிச்சது எங்க அண்ணி."

நான் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டேன். திரும்பியிருந்தால் என் முகத்தில் இருந்ததை இருவரும் பார்த்திருப்பார்கள்.

திங்கட்கிழமை ஒரு பழைய வேன் வந்தது. துடைப்பத்தை யாரும் என்னிடம் நீட்டவில்லை. கொழுந்தன் ஸ்பேனரைத் தொடாமல், உட்கார இடமில்லாததால் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சென்டர் பஞ்சைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு எத்தனை அண்ணி?"

"அஞ்சு" என்றேன்.